ஒன்று போனால் இரண்டும்

செப்டம்பர் 25, திங்கள்

இது டைரி இல்லை. டெஸ்ட் செய்கிற நேரத்தைக் குறித்து வைக்க, நேத்ராவின் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களை எடுத்துக்கொண்டேன். நேத்ரா என் மகள், ஒன்பதாவது படிக்கிறாள்.

என் கம்ப்யூட்டரின் பெரிய ஹார்ட் டிஸ்க் மூன்று நாளாக டொக் டொக் என்று சத்தம் போடுகிறது. பதினொரு வருடமாக நான் டிசைன் செய்த கல்யாண ஆல்பம் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. கணபதி ஏரியாவிலும் காந்திபுரத்திலுமாக நாலு ஸ்டூடியோக்காரர்கள் போட்டோக்களைக் கொடுத்துவிடுவார்கள், நான் வீட்டிலிருந்தே பக்கம் பக்கமாக அடுக்கிக் கொடுப்பேன். தீபாவளிக்கு முன் ஏழு ஆல்பம் முடித்தாக வேண்டும். புது டிஸ்க் வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். சாயங்காலம் பட்டறையிலிருந்து வரும்போது இரண்டு எஸ்.எஸ்.டி. வாங்கி வந்தார். உள்ளே சுற்றுகிற பாகமே இல்லாத டிஸ்க், சீட்டுக்கட்டை விடச் சின்னது.

"ஒண்ணுதானுங்க கேட்டேன்?"

"தாரணிதான் ரெண்டா வாங்கச் சொல்லுச்சு. ரெய்டு போடலாமாமா."

தாரணி என் கொழுந்தன் பிரகாஷின் மனைவி. கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகிறது. அவர்கள் மாடியில், நாங்கள் கீழே, சமையல் ஒன்றாகத்தான். சென்னையில் ஏதோ டேட்டா சென்டரில் மூன்று வருடம் வேலை பார்த்தவள். பெரிய பெரிய கம்பெனிகளின் டிஸ்க்கெல்லாம் இவள் பொறுப்பில் இருந்ததாம். இருந்துவிட்டுப் போகட்டும். என் கம்ப்யூட்டருக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்காமல் நேற்று வந்தவளிடம் கேட்டிருக்கிறாரே, அதுதான்.

செப்டம்பர் 26, செவ்வாய்

மத்தியானம் முழுக்க யூடியூப்பில் உட்கார்ந்து ரெய்டு என்றால் என்னவென்று படித்தேன். மாடி ஏறிக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை.

ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டு டிஸ்க்கை ஒன்றாகக் கட்டுவதுதான். மிரர் என்று ஒரு வகை. ஒரே ஆல்பத்தை இரண்டு பிரதி போட்டு இரண்டு டிஸ்க்கிலும் வைப்பது மாதிரி. ஸ்ட்ரைப் என்று இன்னொரு வகை. ஆல்பத்தின் ஒற்றைப்படைப் பக்கமெல்லாம் ஒரு டிஸ்க்கில், இரட்டைப்படைப் பக்கமெல்லாம் இன்னொன்றில். இரண்டும் சேர்ந்து எழுதும், சேர்ந்து படிக்கும், அதனால் வேகம் இரட்டிப்பு.

இவ்வளவுதான். இதற்கா சென்னையில் மூன்று வருடம்?

செப்டம்பர் 28, வியாழன்

டெஸ்டுக்குப் பெரிய ஃபோல்டராக ஒன்று வேண்டும். தாரணி-பிரகாஷ் கல்யாண போட்டோ அறுபத்திரண்டு ஜி.பி. இருக்கிறது, அதை எடுத்தேன். வேறு காரணம் இல்லை. அந்த ஆல்பம் இன்னும் மூன்று பக்கத்தில்தான் நிற்கிறது. வெளி ஆர்டர் வந்துகொண்டே இருக்கும்போது வீட்டு ஆல்பத்தை யார் முதலில் பார்ப்பார்கள்?

அதே டிஸ்க்குக்குள் இன்னொரு காப்பி எடுக்க ஆன நேரம்:

பழைய ஹார்ட் டிஸ்க்: 24 நிமிடம் (நடுவில் இரண்டு முறை டொக் டொக்)
எஸ்.எஸ்.டி. ஒன்று மட்டும்: 4 நிமிடம் 20 விநாடி
இரண்டும் மிரர்: 4 நிமிடம் 5 விநாடி
இரண்டும் ஸ்ட்ரைப்: 2 நிமிடம் 25 விநாடி!!

ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, ஒவ்வொரு தடவையும் காப்பி எடுத்துவிட்டு அழித்தேன். "நிச்சயமாக அழிக்கவா?" என்று கேட்கும். பதினொரு தடவை "ஆம்" அழுத்தினேன். மூலம் பழைய டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. நான் ஒன்றும் ராட்சசி இல்லை.

அக்டோபர் 1, ஞாயிறு

எல்லோரும் வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்து சாயங்காலம் செய்து காட்டினேன். அத்தை அப்போதுதான் விளக்கு வைத்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அத்தை என்றால் என் மாமியார். "இருபத்திநாலு நிமிசம் ஆனது, இப்ப ரெண்டரை நிமிசங்க அத்தை" என்றேன். அவர் கைதட்டினார். நேத்ரா "சூப்பர்ம்மா" என்றாள். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

தாரணி கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள். "ஸ்ட்ரைப்புங்களாக்கா? ஆல்பம் வேலைக்கு மிரர் போட்டுக்கலாமுங்க. ஸ்ட்ரைப்ல ஒண்ணு போச்சுன்னா ரெண்டும் போச்சுங்க்கா. பாதிப் பக்கத்த வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. எல்லாமே போச்சு."

அத்தைக்கு முகம் மாறிவிட்டது. "என்ன கண்ணு பேச்சு இது? வெளக்கு வெச்ச நேரத்துல போச்சு போச்சுங்கற? புதுச் சாமான வாங்கி வெச்சுருக்குது. நல்ல வார்த்த சொல்லோணும்."

"இல்லீங்கத்தை, நான் எதுக்குச் சொன்னேன்னா..."

"செரி, விடு. போயி அடுப்பப் பாரு."

தலையைக் குனிந்துகொண்டு போனாள். அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். வீடியோவிலேயே சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆனால் சொல்ல ஒரு நேரம் காலம் வேண்டாமா?

அக்டோபர் 2, திங்கள்

ஸ்ட்ரைப்தான். முடிவு.

அக்டோபர் 5, வியாழன்

செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் புது டிஸ்க்குகளுக்கு மாற்றி முடித்தேன். மாற்றிய மறுநாளே பழையது மொத்தமாக நின்றுவிட்டது. நல்லவேளை. அதைத் தூக்கிப் பட்டறைப் பழைய இரும்பில் போடச் சொன்னேன்.

வாரத்தில் இரண்டு மத்தியானம் ஸ்டூடியோவுக்குப் போய்ப் பக்கங்களைக் காட்டி ஒப்புதல் வாங்கி வருகிறேன். வரும்போது என் நாற்காலி கொஞ்சம் நகர்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. நேத்ராவைக் கேட்டால் தெரியாது என்கிறாள்.

அக்டோபர் 8, ஞாயிறு

சரவணம்பட்டியில் புதிதாக ஒரு டேட்டா சென்டர் வருகிறதாம். தாரணிக்குப் பழைய மேனேஜர் மூலமாக ஆள் கேட்டு போன் வந்திருக்கிறது. பகல் வேலைதான், வீட்டு முனையிலிருந்தே கம்பெனி பஸ். சாப்பிடும்போது பிரகாஷ் மெதுவாகப் பேச்செடுத்தான். தாரணி தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை.

"கல்யாணமாயி ஆறு மாசம் ஆவல. ஊட்ல இருக்கட்டும். இங்க என்ன கொற?" என்றார் அத்தை. பிறகு என்னைப் பார்த்தார். "நம்ம ரமணி ஊட்ல இருந்தே சம்பாரிக்கலியா? நீயே சொல்லு கண்ணு."

"அத்தை சொல்றதும் செரிதானுங்க" என்றேன்.

வேறு என்ன சொல்வது? எனக்கும் ஒரு காலத்தில் போட்டோ பிரிண்ட் போடும் கலர் லேபிலிருந்து டிசைனர் வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. நேத்ராவுக்கு மூன்று வயது. இதே சாப்பாட்டு மேசைதான், இதே பேச்சுதான். அப்போது எனக்காக ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிரகாஷ் மாதிரி என் வீட்டுக்காரர் பேச்செடுக்கக்கூட இல்லை. எனக்கு அதில் வருத்தமெல்லாம் கிடையாது. கடிதம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. தூக்கிப் போட மறந்துவிட்டது.

அக்டோபர் 13, வெள்ளி

இப்போதெல்லாம் நேத்ரா கணக்குச் சந்தேகத்துக்கு மாடிக்குத்தான் ஓடுகிறாள். "சித்தி ஈஸியா சொல்லித் தர்றாங்கம்மா." பிடிகருணை வறுவல் சித்தி செய்தால்தான் மொறுமொறுவென்று இருக்கிறதாம். அவர் கூட இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார். பதினேழு வருடமாக என் கையால் சாப்பிட்டவர்.

மிரர் போட்டிருந்தால் ஒரு ஆல்பம் சேமிக்க ஆகிற நேரத்தில் இப்போது இரண்டு சேமிக்கிறேன். இதை யாரும் கேட்பதில்லை.

அக்டோபர் 23, திங்கள். ஆயுத பூஜை

காலையில் பட்டறையில் பூஜை முடிந்து, சாயங்காலம் வீட்டில். கார், ஸ்கூட்டி, கிரைண்டர், தையல் மெஷின், நேத்ராவின் புத்தகம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. தாரணி தன்னுடைய லேப்டாப்பைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். அத்தையே அதற்கு முதல் பொட்டு வைத்தார். என் கம்ப்யூட்டர் மேசையடியில் ஒரு ஓரமாக இருந்தது. அதன் தகர மூடி மேல் ஒரு பொட்டு. யார் கண்ணுக்கும் தெரியாது.

வேலை செய்கிறது தகரமா, உள்ளே இருக்கிறதா? மூடியைக் கழற்றி இரண்டு எஸ்.எஸ்.டி.யையும் வெளியே எடுத்தேன். தட்டில் வெற்றிலை பரப்பி, அதன்மேல் வைத்து, எல்லோரும் பார்க்க நானே சந்தனம் பூசினேன். சந்தனம் கொஞ்சம் நீர்க்க இருந்தது, நேத்ரா கரைத்தது. விளிம்போரமாகத்தான் பூசினேன். அழகாக இருந்தது. அத்தை தீபாராதனை காட்டும்போது, "பாரு, என்ற மூத்த மருமவளுக்குச் சோறு போடற ஆயுதம்" என்றார்.

தாரணி மட்டும், "அக்கா, நல்லாக் காய வெச்சுப் போடுங்க" என்றாள். எனக்குத் தெரியாதா?

அக்டோபர் 24, செவ்வாய். விஜயதசமி

நல்ல நேரம் ஒன்பதுக்குள் முடிகிறது, அதற்குள் வேலை ஆரம்பிக்க வேண்டும் என்று அத்தை அவசரப்படுத்தினார். துடைத்து மாட்டினேன். ஸ்விட்ச் போட்டேன்.

ஒரு டிஸ்க் தெரியவில்லை. கேபிளை மாற்றினேன். இடம் மாற்றினேன். தெரியவில்லை. ஒன்றுதான் இருக்கிறது, அதில் இருப்பதெல்லாம் பாதிப் பாதி. ஏழு தீபாவளி ஆல்பமும் போயிற்று. பதினொரு வருடமும் போயிற்று. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அத்தை ஓடிவந்தார். நான் சொன்னதில் அவர் காதில் விழுந்தது ஒன்றுதான். "ஒண்ணு போச்சுன்னா ரெண்டும் போச்சா? இதேதான் அன்னிக்கு அவ சொன்னா! வார்த்த மாறாம சொன்னாளே! அட சாமி, கருநாக்கு! சொன்னது அப்படியே பலிக்குதே!"

தாரணி மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். நான் அழுதுகொண்டிருந்தேன். அழுகிறவளிடம் அந்த நேரத்தில் யாரும் எதுவும் எதிர்பார்க்க முடியாது.

அக்டோபர் 26, வியாழன்

அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரம் தாரணி கீழே வந்தாள். கையில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்.

"இதுல எல்லாமே இருக்குதுங்க்கா. பூஜைக்கு மொதோ நாள் வரைக்கும்."

எனக்குப் புரியவில்லை.

"நீங்க ஸ்டூடியோ போற மத்தியானத்துல காப்பி எடுத்து வெச்சேன். கேட்டா வேண்டாம்னுருவீங்கன்னு சொல்லல. மன்னிச்சுக்கோங்க."

திறந்து பார்த்தேன். ஏழு ஆல்பமும் இருந்தது. பதினொரு வருடமும் இருந்தது. காலில் விழாத குறையாக நன்றி சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது, "என்ற கம்ப்யூட்டர என்னக் கேக்காம தொட்டியா?"

செத்த டிஸ்க்கைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். கேபிள் மாட்டுகிற இடத்தில், பித்தளைப் பட்டைகளுக்கு நடுவே மஞ்சளாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதை செவ்வாய்க்கிழமையே பார்த்துவிட்டேன். இங்கே எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்தாள். திரும்ப மாட்டிப் பார்த்தாள், வரவில்லை. "ஈரத்தோட கரண்ட் பாஞ்சிருக்குதுங்க்கா" என்றாள். எதன் ஈரம் என்று சொல்லவில்லை, கேட்கவுமில்லை. போகும்போது, "எங்க ஆல்பம் மூணு பக்கத்துலயே நிக்குதுங்க" என்றாள். அதையும் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 28, சனி

அவர் இன்னொரு டிஸ்க் வாங்கி வந்தார். இந்த முறை மிரர் போட்டேன். அவள் சொன்னதற்காக இல்லை.

அத்தை புது மிக்ஸியைப் பிரிக்கும்போது தாரணியை மாடிக்கு அனுப்பினார். பால் காய்ச்சும்போது அனுப்பினார். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வந்தபோது, "நீ உள்ள இரு" என்றார். தாரணி ஒன்றுக்கும் மறுப்புச் சொல்வதில்லை, எழுந்து போய்விடுகிறாள்.

சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். ஒரு முறை குக்கர் விசில் அடித்தது. இன்னொரு முறை ஒன்றும் அடிக்கவில்லை.

அக்டோபர் 30, திங்கள்

அத்தை எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். "அந்த வேலைக்கு அது போவட்டும். நாளெல்லாம் ஊட்டுக்குள்ள இருந்தா எதாச்சும் வாயில வந்துட்டேதான் இருக்கும். பகல்ல வெளிய இருந்தா ஊட்டுக்கும் நல்லது, அதுக்கும் நல்லது."

திங்கட்கிழமை, நவம்பர் ஆறாம் தேதி சேர வேண்டும்.

தாரணி, "செரிங்கத்தை" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். பத்து நிமிடம் கழித்து மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பிரகாஷ் ஏதோ சொல்ல, இவள் சிரிக்க, திரும்ப அவன் சொல்ல. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு ஒரு பக்கம்கூட என்னால் அடுக்க முடியவில்லை.

அக்டோபர் 31, செவ்வாய்

செய்யாத குற்றத்தை ஒரு பெண் சுமப்பது பெரிய பாவம். மனசாட்சி உறுத்துகிறது. நாளைக்குச் சொல்லிவிடப் போகிறேன்.

நவம்பர் 1, புதன்

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது. "அத்தை, அது தாரணி நாக்கு இல்லீங்க. நாந்தான். சந்தனத்த கேபிள் மாட்டற எடத்துல பூசிப்புட்டேன். காயாம மாட்டிட்டேன். டிஸ்க் செத்தது அதனாலதானுங்க. அவ மேல எந்தத் தப்பும் இல்ல."

அத்தை வாயில் வைத்த டம்ளரைக் கீழே வைத்தார். தலையில் அடித்துக்கொண்டார். "அந்தப் புள்ளயப் போயி என்னென்ன சொல்லிப்புட்டேன்! பாவி நான்!" முட்டிவலியோடு அவரே மாடி ஏறினார். தாரணியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, பூஜை அறையில் நிற்க வைத்து, நெற்றியில் குங்குமம் வைத்தார். "நீ என்ற ஊட்டு மகாலட்சுமி. இனி எங்கயும் போவ வேண்டாம். அந்த வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஊட்லயே ராணியாட்ட இரு."

வீட்டுக்காரர் என் தோளைத் தட்டி, "உனக்குப் பெரிய மனசு" என்றார். நேத்ராகூட என்னைக் கட்டிக்கொண்டாள். மனசு லேசாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் இப்படித்தான் இருக்கும் போல. இரவு இரண்டு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

தாரணி சாப்பிட வரவில்லை. தலைவலியாம்.

நவம்பர் 2, வியாழன்

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தாரணி தன் பக்கெட்டோடு வந்தாள். நாலைந்து துணியை உதறிப் போட்டாள்.

"ஏனுங்க்கா, டிஸ்க்கு போயி எத்தன நாள் கழிச்சு நேத்துச் சொன்னீங்க?"

"எட்டு நாளு."

"எட்டு நாளா சொல்லல. என்னப் பாலுகிட்ட நிக்க வேண்டாம்னாங்க, கொழந்தையத் தூக்க வேண்டாம்னாங்க. அப்பெல்லாம் சொல்லல. எனக்கு வேல கெடச்ச மறுநாளுக்கு மறுநாள் ஏனுங்க்கா சொன்னீங்க?"

"மனசாட்சி கேக்கலம்மா" என்றேன்.

அவள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கண் ரெண்டும் வீங்கியிருந்தது. "கருநாக்குன்னு பேரு இருந்துச்சு, கூடவே வேலையும் இருந்துச்சு. இப்ப பேரு சுத்தமாயிருச்சு, வேல இல்ல. எனக்கு அந்தப் பேரே தேவலயா இருந்ததுங்க்கா."

பக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

நவம்பர் 3, வெள்ளி

எழுதிவிடுகிறேன். நேத்ராவின் நோட்டுதானே, யாரும் படிக்க மாட்டார்கள்.

பொறாமை. ஸ்ட்ரைப் போட்டது பொறாமை. தட்டில் வைத்துச் சந்தனம் பூசியது பொறாமை. வாயைத் திறக்காமல் இருந்தது பொறாமை. கடைசியில் உண்மையைச் சொன்னேனே, அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பொறாமை. மாடியில் அவள் சிரித்த சிரிப்பு என் வயிற்றில் நெருப்பாக விழுந்தது. எனக்குக் கிடைக்காதது அவளுக்கும் கிடைக்கக் கூடாது. அவ்வளவுதான். மனசாட்சியாம் மனசாட்சி. தூ.

பீரோவைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். "தாங்கள் உடனடியாகப் பணியில் சேருமாறு" என்று போட்டிருக்கிறது.

நவம்பர் 4, சனி

அத்தையிடம் போய், "தாரணி வேலைக்குப் போகட்டுமே அத்தை" என்றேன். "மகாலட்சுமிய எதுக்கு வெளிய அனுப்போணும்?" என்றார். பிரகாஷ் கேட்டான். என் வீட்டுக்காரரும் கேட்டார், முதல் தடவையாக. அசையவில்லை. மரியாதையோடு ஒருத்தரை வீட்டில் வைத்துக்கொள்ள அத்தை முடிவு செய்துவிட்டால் ஆண்டவனாலும் வெளியே எடுக்க முடியாது.

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு பஸ்.

நவம்பர் 5, ஞாயிறு

காலையில் முதல் வேலையாக எல்லாவற்றையும் தாரணியின் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இன்னொரு காப்பி எடுத்துத் தனியாக வைத்தேன். பிறகு கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றினேன்.

பதினொரு மணிக்கு, "அத்தை, தீபாவளி ஆல்பம் ஒண்ணு முடிஞ்சிருச்சு, வந்து பாருங்க" என்று கூப்பிட்டேன். பக்கத்தில் நாற்காலி போட்டேன். "தாரணி, நீயும் வா" என்றேன். வந்து பின்னால் நின்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான்.

திரையில் பெண்ணும் மாப்பிள்ளையும் மணவறையில். "எப்படி இருக்குது தாரணி?"

"நல்லாருக்குங்க்கா" என்றாள், வேண்டாவெறுப்பாக.

அவள் வாயை மூடுவதற்குள் மேசைக்கு அடியில் கையை விட்டு ஒரு கேபிளைப் பிடுங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. மிரர் அல்லவா போட்டிருக்கிறேன். ஒன்று போனால் இன்னொன்று தாங்கிக்கொண்டு ஜம்மென்று ஓடுகிறது. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று அத்தை கேட்க, வந்துகொண்டே இருக்கிறது. எனக்கு வேர்த்துவிட்டது. "நல்லாப் பாத்துச் சொல்லு தாரணி!" என்று கத்தினேன். "ரொம்ப நல்லாருக்குங்க்கா!" என்று அவளும் எரிச்சலில் கத்தினாள். இரண்டாவது கேபிளையும் பிடுங்கினேன்.

படம் அப்படியே உறைந்தது. டிஸ்க்கைக் காணோம் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெட்டி வந்தது.

"அட சாமி!" என்று அத்தை எழுந்துவிட்டார்.

"அன்னிக்கும் இப்படித்தானுங்க அத்தை" என்றேன். குரல் நடுங்கியது, அது நடிப்பில்லை. "சந்தனம்னு நான் சொன்னது பொய். பாவம் சின்னப் புள்ளைன்னு என்ற மேல போட்டுக்கிட்டேன். இது அவ நாக்குதானுங்க. நல்லாருக்குன்னு சொன்னாலே நிக்குது, பாத்தீங்கல்ல?"

தாரணி விறைத்துப்போய் என்னைப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை மேசைக்கு அடியில் இறங்கியது. என் கையில் இரண்டு கேபிளும் தொங்கிக்கொண்டிருந்தன. அவளுக்குத் தெரியாத கேபிளா? சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். தோள் இரண்டும் குலுங்கின. அத்தை அழுகிறாள் என்று நினைத்தார்.

"அழுவாத கண்ணு, நீ என்ன பண்ணுவ, ஆண்டவன் குடுத்த நாக்கு. நாளைக்கே அந்த வேலையில போயிச் சேந்துரு. பகல்ல ஊட்ல இருக்காத."

அழகான பெண், நல்ல குணம், அவளுக்கு இந்தப் பேரை என் வாயால் இரண்டாம் தடவை வாங்கிக் கொடுத்தேன். இந்த வீட்டில் இனி எந்தக் குழந்தையின் பக்கத்திலும் அவளை நிற்க விடமாட்டார்கள். நாளைக்கு அவளுக்கே ஒரு குழந்தை பிறந்தால் அத்தை என்ன சொல்வாரோ. ஆனால் அவள் கேட்டது இதைத்தான்.

நவம்பர் 6, திங்கள்

எட்டு மணிக்கே கிளம்பிவிட்டாள். பச்சைச் சுடிதார், தோளில் பை, சென்னையில் போட்ட அதே கறுப்பு ஷூ. அத்தை அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. சாப்பாட்டு டப்பாவை நான்தான் கேட் வரை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"வர்றேனுங்க்கா" என்றாள். நாலடி போனவள் திரும்பி வந்து, என் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனாள். பஸ் வந்தது. ஜன்னலோரமாக இடம் கிடைத்துவிட்டது. உட்கார்ந்ததும் பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ பேச ஆரம்பித்துவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வயிறு எரிந்தது. நேற்று செய்ததெல்லாம் நானாகவே செய்தது, மனசாரச் செய்தது, ஆனாலும் எரிந்தது. அந்த ஜன்னலோரம் எனக்கு வேண்டும். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு அது வேண்டும் என்று கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே வந்தேன். அத்தை புது மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். நன்றாக, அழுத்தந்திருத்தமாக, கண்ணைச் சிமிட்டாமல் மிக்ஸியைப் பார்த்துச் சொன்னேன்.

"அத்தை, இது சீக்கிரம் போயிருமுங்க. புகைஞ்சு, கருகி, ஒண்ணுமில்லாமப் போயிரும்."

அத்தை மிக்ஸியை நிறுத்தினார். ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, விரலில் சட்னியைத் தொட்டு என் வாயருகே நீட்டினார்.

"உப்பு பாரு. நீ சொன்னா ஒண்ணும் ஆவாது கண்ணு."